துமி துளியாகும் நேரம்

எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். குடிப்பதற்காகக் காய்ச்சும் எவர்சில்வர் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, மூடியைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடிப்பக்கம் முழுக்க நீர் முத்துக்கள். சின்னவை ஒட்டிக்கொண்டு நிற்கும். பெரியவை பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்துக்கொண்டு நகர்ந்து, பொட்டென்று உள்ளே விழும். தண்ணீரை ஊற்றிவிட்டு அடியைப் பார்த்தால் வெள்ளையாக ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். ஒரே பாத்திரத்தில் மேலே நீர் விழுகிறது, கீழே கல் படிகிறது.

இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க வைத்தவள் என் அக்கா மகள். பத்தாம் வகுப்பு, ஆங்கில வழி. ஒருநாள் இரண்டு புத்தகங்களையும் விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: “மாமா, ஜியாக்ரஃபில பிரசிபிடேஷன்னா மழைன்னு போட்டிருக்கு. கெமிஸ்ட்ரில பிரசிபிடேட்னா டெஸ்ட் டியூப் அடில தங்குற பொடின்னு போட்டிருக்கு. ரெண்டும் எப்படி ஒரே வார்த்தை?”

இரண்டும் கீழே விழுகின்றன, அதனால்தான் என்றேன். அவள் விடவில்லை. “அப்போ மரத்துலேர்ந்து மாங்கா விழுறதும் பிரசிபிடேஷனா?”

நியாயமான கேள்வி. விழுவது மட்டும்தான் விஷயம் என்றால் மாங்காயும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். மழைக்கும் சோதனைக்குழாய்ப் பொடிக்கும் பொதுவாக வேறு ஏதோ இருக்க வேண்டும்.

முதலில் சொல்லையே பார்த்துவிடலாம். லத்தீனில் ‘ப்ரே’ என்றால் முன்னே, ‘கபுட்’ என்றால் தலை. தலை முன்னே போக விழுவது, நாம் தலைகுப்புற என்கிறோமே, அதுதான் வேர்ப்பொருள். செங்குத்துப் பாறை விளிம்புக்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொல்லும், யோசிக்காமல் அவசரமாக எடுத்த முடிவைக் குறிக்கும் சொல்லும் இதே வேரில் பிறந்தவை. உடம்புக்குள் வெகுநாளாக ஊறிக்கொண்டிருந்த நோயை ஒருநாள் சட்டென்று வெளியே தள்ளிவிட்ட காரணத்தை மருத்துவர்கள் குறிப்பதும் இதன் இன்னொரு வடிவத்தால்தான். தமிழில் நாம் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் ஓடவில்லை. வேதியியலுக்கு வீழ்படிவு, வானிலைக்குப் பொழிவு. இலங்கைத் தமிழில் மழைவீழ்ச்சி என்பார்கள். அங்கே மட்டும் வேதியியலின் ‘வீழ்’ வானத்துக்கும் வந்துவிட்டது. வீழ்படிவு நல்ல சொல். விழுவது, படிவது என்று இரண்டு வினைகள் அதில் இருக்கின்றன. ஆனால் விழுவதற்கு முன்னால் நடப்பதை அந்தச் சொல்லும் சொல்வதில்லை. விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

பாயசத்துக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குமேல் கரையாது. 20 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போட்டது அடியில் கிடக்கும். அந்த நிலைக்குப் பள்ளிப் பாடநூல்கள் வைத்திருக்கும் பெயர் தெவிட்டிய கரைசல். தெவிட்டுவது நாக்குக்குத் தெரிந்த அனுபவம். போதும், இனி இறங்காது என்ற நிலை. அதே தண்ணீரைக் கொதிக்கவைத்தால் இரண்டு மடங்குக்கும் மேலாகச் சர்க்கரை கரையும். பிறகு ஆறவிட்டால்? கூடுதலாகக் கரைந்தது அத்தனையும் இடமில்லாமல் தவிக்கும்.

காற்றிலும் இதேதான். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராம் சொச்சம்தான். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் அது நீராவியால் தெவிட்டி இருந்தால், அறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் முக்கால் லிட்டருக்கும் மேல் தண்ணீர் மிதக்கிறது என்று பொருள். அந்த அறையை 10 டிகிரிக்குக் குளிரவைத்தால் அரை லிட்டருக்கு மேல் வெளியே வந்தாக வேண்டும். ஏசி குழாயில் நாள் முழுக்கச் சொட்டுகிற நீர் அப்படி வந்ததுதான். வானத்தில் ஏசி கிடையாது. ஆனால் மேலே ஏறும் காற்று விரிகிறது, விரியும் காற்று குளிர்கிறது. சைக்கிள் டியூபின் காற்றைத் திறந்துவிட்டால் வால்வு சில்லிடுவது நினைவிருக்கும். உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி குளிரும்.

இங்கே ஒரு திருத்தம். காற்று ஏதோ பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சி வைத்திருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. காற்றே இல்லாத வெற்றுப் பாத்திரத்திலும் நீராவி ஏறக்குறைய இதே அளவுதான் நிறையும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் ஆசைக்கும், வெப்பம் அவற்றைப் பிய்த்து எறியும் வேகத்துக்கும் நடக்கும் இழுபறிதான் இது. குளிர்ந்தால் பற்று ஜெயிக்கிறது.

சரி, சர்க்கரையும் நீராவியும் ஆறும்போது வெளியே வருகின்றன. அப்படியானால் என் வீட்டுப் பாத்திரத்தின் அடியில் இருக்கும் வெள்ளைப் பொருக்கு, தண்ணீர் சூடாகும்போது வருகிறதே, அது எப்படி? வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்லும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்ட்ரா வைத்து ஊதுங்கள் (உறிஞ்சிவிடக் கூடாது). மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டதும் தெளிந்த நீர் பாலாக வெளுக்கும். கரையாத கால்சியம் கார்பனேட் பிறந்துவிட்டது. பள்ளிப் பாடம் இங்கே நின்றுவிடும். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருங்கள். சில நிமிடங்களில் பால் நிறம் குறைந்து நீர் மறுபடி தெளியத் தொடங்கும். கூடுதல் கார்பன் டை ஆக்சைடு அந்தக் கார்பனேட்டை நீரில் கரையும் பைகார்பனேட்டாக மாற்றிவிட்டது. இப்போது அந்தத் தெளிந்த நீரை அடுப்பில் வையுங்கள். வாயு குமிழிட்டு வெளியேற, திரும்பவும் வெளுக்கும்.

என் பாத்திரத்தில் தினமும் நடப்பது இந்தக் கடைசிக் கட்டம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் விட்ட கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு, சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து எடுத்துவருகிறது. நாம் அதைக் கொதிக்கவைத்து வாயுவைத் துரத்துகிறோம், கரைந்த பாறை பழையபடி பாறையாகிறது. ஆக, கரைந்திருந்த பொருள் வேறு, விழுந்த பொருள் வேறு. தெவிட்டலை உண்டாக்கக் குளிர்வது ஒரு வழி என்றால், கரையாத வேறொன்றாக மாறிவிடுவது இன்னொரு வழி.

மூன்றாவது வழி, தண்ணீரையே குறைத்துவிடுவது. தூத்துக்குடி உப்பளங்களில் இதைப் பார்க்கலாம். கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ நேராக உப்புப் பாத்திக்குள் விட்டுக் காயவைப்பதில்லை. ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு என்று நகர்த்திக்கொண்டே சுண்டவைக்கிறார்கள். காரணம், கடல்நீரில் இருப்பது ஒரே உப்பு இல்லை. லிட்டருக்கு 35 கிராம் போல உப்புகள். அதில் சோற்றுப்பு 27 கிராம் அளவுக்குத்தான். ஒவ்வொன்றுக்கும் தெவிட்டும் இடம் வேறு. 1849-ல் உசிலியோ என்ற இத்தாலிய வேதியியலாளர் மத்தியதரைக் கடல்நீரைப் பொறுமையாகச் சுண்டவைத்து, எந்த அளவில் எது விழுகிறது என்று எடைபோட்டுக் குறித்துவைத்தார். நீர் பாதியாகச் சுண்டும்போது சுண்ணாம்புக் கார்பனேட். ஐந்தில் ஒரு பங்காகும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்காகும்போதுதான் உப்பு. கடைசிவரை விழாமல் நீரிலேயே நிற்பவை மெக்னீசிய உப்புகள், நாக்கில் வைத்தால் கசக்கும். ஜிப்சத்தை முந்தைய பாத்திகளில் இறக்கிவிட்டு, உப்பை அதற்கான பாத்தியில் இறக்கி, கசப்பு நீரை வெளியே விட்டுவிடுவதுதான் உப்பளத் தொழில். சோதனைக்கூடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே, விழும் வரிசையைக் கொண்டு பொருள்களைப் பிரிக்கத் தெரிந்த கைகள் அவை.

கலங்கிய ஆற்றுநீரைப் படிகாரம் போட்டுத் தெளியவைக்கிறோமே, அடியில் தங்கும் சேறு வீழ்படிவா? இல்லை. சேறு கரைந்திருக்கவே இல்லை, நுண்ணிய துகள்களாக மிதந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதற்குள்ளே ஓர் உண்மையான வீழ்படிவு ஒளிந்திருக்கிறது. படிகாரத்திலுள்ள அலுமினியம் நீரில் கரையாத கொழகொழப்பான ஹைட்ராக்சைடாக மாறி, மிதக்கும் சேற்றை வாரிச் சுருட்டிக்கொண்டு இறங்குகிறது. மழையும் காற்றிலுள்ள தூசியை இப்படித்தான் வாரிக்கொண்டு வருகிறது. முதல் மழைக்கு மறுநாள் தொலைவில் இருக்கும் மலை பளிச்சென்று தெரிவது அதனால்தான்.

தெவிட்டிவிட்டால் உடனே விழுந்துவிடுமா என்றால், விழாது. வீழ்படிவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பனங்கற்கண்டு எடுப்பவர்கள் பாகைக் காய்ச்சிப் பானையில் ஊற்றி, உள்ளே நூல்களைத் தொங்கவிடுவார்கள். வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்திருந்தால் நூலைப் பிடித்துக்கொண்டு கற்கண்டு வளரும். நூல் எதற்கு? பாகு தெவிட்டலைத் தாண்டிய நிலையில் இருக்கிறது, அதிதெவிட்டிய கரைசல் என்பார்கள். சர்க்கரை வெளியே வரத் தயார். ஆனால் எதன்மேல் வருவது? முதல் சில மூலக்கூறுகள் கூடி ஒரு பொடிப் படிகமாவதுதான் கஷ்டம்.

தேர்த் திருவிழாக் கூட்டத்தில் கைகோத்து நிற்கும் ஒரு குழுவை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேர் என்றால் நடுவில் இருப்பவர்களை நாலு பக்கமும் பிடித்துக்கொள்ள ஆள் உண்டு. ஓரத்தில் நிற்பவர்கள் மட்டுமே கூட்டத்தில் இழுபட்டுப் போவார்கள். குழுவே நாலு பேர்தான் என்றால்? எல்லோருமே ஓரம்தான், ஒரு தள்ளில் சிதறிவிடுவார்கள். மூலக்கூறுகளும் அப்படித்தான். சிறு கூட்டம் சேர்வதற்குள் கலைகிறது. ஏற்கெனவே ஒரு தூண் இருந்து, அதைப் பற்றிக்கொள்ள முடிந்தால் கலையாது. பானைக்குள் நூல் அந்தத் தூண். அறிவியலில் இதைக் கரு என்கிறோம்.

வானத்துக்கும் கரு வேண்டும் என்பது எப்படித் தெரிந்தது? பிரான்சில் 1875-ல் கூலியே என்பவர் இதைக் கவனித்தார். சில ஆண்டுகள் கழித்து, அதை அறியாமலேயே, ஸ்காட்லாந்தில் ஜான் ஐட்கன் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் செய்தது மிக எளிமையானது. இரண்டு பெரிய கண்ணாடிக் கலங்கள். ஒன்றில் அறையின் சாதாரணக் காற்று. இன்னொன்றில் பஞ்சு வழியாக வடிகட்டிய காற்று. இரண்டிலும் நீராவியை விட்டார். முதல் கலத்தில் புகைமண்டலம் போல அடர்ந்த மூடுபனி. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. அதே நீராவி, அதே குளிர்ச்சி, ஆனால் கண்ணாடி போலத் தெளிவு. பஞ்சு நிறுத்திவைத்த தூசிதான் இரண்டுக்கும் வேறுபாடு. தூசியே இல்லாத உலகில் மூடுபனியும் மேகமும் இருக்காது, மிகையான ஈரம் அத்தனையும் நம் உடையிலும் சுவரிலும் மரத்திலும் நேரடியாகப் படியும் என்று அவர் எழுதினார். குடை பயன்படாத, எப்போதும் சொதசொதவென்று ஈரமான உலகம்.

கடல் அலை நுரையிலிருந்து கிளம்பும் உப்புத் துகள், மண்தூசி, அடுப்புப் புகை, காட்டுத்தீக் கரி எல்லாம் மேகத்தின் கருக்கள். உப்பு இதில் கெட்டிக்காரக் கரு. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நமத்துப்போவது எல்லா வீட்டிலும் நடப்பது. காற்று தெவிட்டுவதற்கு முன்பே ஈரத்தை இழுக்கும் அதன் குணம், ஜாடிக்குள் இருந்தாலும் இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஒன்றுதான்.

இத்தனைக்குப் பிறகு நம் கையில் இருப்பது மேகம்தான், மழை இல்லை. பழந்தமிழில் மழை என்ற சொல்லுக்கே மேகம் என்றும் ஒரு பொருள் உண்டு. சொல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாலும், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரியது. ஒரு கிலோமீட்டர் நீள, அகல, உயரமுள்ள சாதாரண வெண்மேகத்தில் கன மீட்டருக்கு அரை கிராம் நீர் என்று வைத்தாலும், மொத்தம் 500 டன். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நாற்பதுக்கு மேல் வேண்டும். அத்தனை எடை தலைக்கு மேல் நிற்கிறது. ஏன் விழவில்லை?

இதைப் பேச இரண்டு சொற்கள் வேண்டும். மேகத்தில் மிதக்கும் நீர்த்துகளைத் துமி என்றும், விழும் அளவு பருத்ததைத் துளி என்றும் வைத்துக்கொள்கிறேன். இரண்டும் நம்மிடம் இருக்கும் பழைய சொற்கள்தான். துமியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு போல இருக்கும். அதுவும் விழத்தான் செய்கிறது, ஆனால் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில். ஒரு கிலோமீட்டர் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். கீழிருந்து எழும் லேசான காற்றே அதைத் தாங்கிப் பிடித்துவிடும். இரண்டு மில்லிமீட்டர் துளியோ நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் விழும். குறுக்களவு நூறு மடங்கு என்றால் கன அளவு பத்து லட்சம் மடங்கு. அதாவது பத்து லட்சம் துமிகள் சேர்ந்தால் ஒரு துளி.

துமி தானாகவே ஈரத்தை வாங்கி அந்த அளவுக்குப் பருக்க முடியாது. பக்கத்திலுள்ள கோடிக்கணக்கான துமிகளும் அதே ஈரத்துக்குப் போட்டி போடுகின்றன. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் பருத்து நின்றுவிடுவார்கள். யாராவது சிலர் மற்றவர்களை விழுங்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, என் பாத்திர மூடியில் பார்த்ததுதான். கொஞ்சம் பெரியதாகிவிட்ட துமி மற்றவற்றைவிட வேகமாக இறங்கி, வழியில் இருப்பவற்றை மோதிச் சேர்த்துக்கொண்டே வரும். வெப்பமண்டலக் கடல்மேல் மிதக்கும் தாழ்ந்த மேகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் பெய்கின்றன.

இரண்டாவது வழி ஒரு காட்டுப் பாதையில் கண்டுபிடிக்கப்பட்டது. 1922-ல் ஸ்வீடன் நாட்டு வானிலையாளர் டோர் பெர்கரோன், இன்றைய ஓஸ்லோ நகருக்கு அருகே வொக்சன்கொலன் என்ற மலைப்பகுதியில் தங்கியிருந்தார். ஊசியிலை மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் நடக்கும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேலே இருக்கும் நாட்களில் மூடுபனி பாதை மட்டத்துக்கு வந்துவிடுகிறது. பூஜ்யத்துக்கு நன்றாகக் கீழே போன நாட்களில் பாதை தெளிவாக இருக்கிறது, மூடுபனி மரங்களுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. மூடுபனியைக் குடிப்பது யார்? கிளைகளில் உறைந்திருந்த பனிக்கட்டிதான் என்று அவர் ஊகித்தார். பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் துமிகள் எல்லாம் உறைந்துவிடுவதில்லை. உறைவதற்கும் கரு வேண்டும். கரு கிடைக்காத துமி மைனஸ் 40 டிகிரி வரைக்கும்கூட நீராகவே தாக்குப்பிடிக்கும். அந்தக் கூட்டத்துக்குள் ஒரே ஒரு பனிப்படிகம் வந்தால் போதும். பனிக்கட்டி மூலக்கூறுகளை நீரைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே துமிகளிலிருந்து ஆவியாகிறது, படிகத்தில் படிகிறது. உப்பு ஜாடி அறை ஈரத்தை இழுப்பது போலப் படிகம் மேகத்தைக் குடித்துப் பருக்கிறது, பிறகு விழுகிறது, கீழே வரும் வழியில் உருகித் துளியாகிறது.

மதுரையில் மே மாதக் கோடை மழையில் முகத்தில் பட்டென்று அடிக்கும் பெரிய துளி, சில நிமிடங்களுக்கு முன்னால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் பனியாக இருந்திருக்கக்கூடும். சில சமயம் உருக நேரமில்லாமல் ஆலங்கட்டியாகவே வந்து அது சாட்சி சொல்லிவிடும். இன்னொரு சாட்சி ராடார். உருகத் தொடங்கும் பனித்துகள் பெரிய உடம்பும் ஈரத்தோலுமாக இருப்பதால் ராடார் அலைகளைப் பலமாகத் திருப்பி அனுப்புகிறது. அதனால் மழைமேகத்தின் குறுக்குவெட்டுப் படத்தில், பூஜ்ய டிகிரி உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஒளிக்கோடு இழுத்தது போல ஒரு பட்டை தெரியும். பனி நீராகிற இடத்தை வானமே அடிக்கோடிட்டுக் காட்டுகிறது.

இப்போது அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். பள்ளி ஆய்வகத்தில் அவள் இரண்டு தெளிந்த நீர்மங்களைக் கலந்திருக்கிறாள், சட்டென்று மஞ்சளாகக் கலங்கியிருக்கிறது. பிறகு மெல்ல மெல்ல அடியில் மஞ்சள் தூள் தங்கியிருக்கிறது. அந்தக் கலங்கல்தான் சோதனைக்குழாயின் மேகம். அடியில் தங்கியது அதன் மழை. கலங்கலில் இருக்கும் துகள்களும் துமி போலவே பொடிப்பொடியானவை, விழ மறுப்பவை. இது தெரிந்துதான் பகுப்பாய்வு வேதியியலாளர்கள் வீழ்படிவு வந்ததும் வடிகட்டிவிடுவதில்லை. சூடாகவே ஒரு மணி நேரம் போல வைத்திருப்பார்கள். சின்னத் துகள்கள் கரைந்து அந்தப் பொருளைப் பெரியவற்றுக்குக் கொடுத்துவிடும். பெர்கரோன் பாதையில் பனிக்கட்டி துமியைக் குடித்ததுபோலவே, குழாய்க்குள் பெரிய படிகம் சின்னதைக் குடிக்கிறது. தெவிட்டுவது, கருவைப் பிடிப்பது, பருப்பது, கடைசியாக விழுவது. மாங்காய்க்கு இந்தக் கதை இல்லை. அது கிளையில் கரைந்திருக்கவில்லை.

அந்த மஞ்சள் தூள் லெட் அயோடைடு. அதைச் சுடுநீரில் கரைத்து மெதுவாக ஆறவிட்டால், தூளாக இல்லாமல் பளபளக்கும் தங்கத் தகடுகளாக மினுங்கிக்கொண்டு இறங்கும். வேதியியலாளர்கள் அதற்குத் தங்க மழை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். (ஈயம் நஞ்சு. ஆசிரியர் துணையில்லாமல் யாரும் செய்ய வேண்டாம்.)

ஈயத்துக்குப் பதில் வெள்ளியை வைத்தால், அக்கா மகள் கேட்ட சொல்லின் இரண்டு அர்த்தங்களும் ஒரே குழாயில் சந்திக்கின்றன. சில்வர் நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும் கலந்தால் இளமஞ்சள் வீழ்படிவு வரும், சில்வர் அயோடைடு. 1946-ல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேபர், உறைபெட்டி ஒன்றுக்குள் மூச்சை ஊதி மேகம் உண்டாக்கி, அதில் உலர்பனித் துண்டைப் போட்டபோது அந்த மேகம் நொடியில் பனித்துகள்களாக மாறியதைக் கண்டார். அதே ஆண்டு அவருடன் வேலைபார்த்த பெர்னார்ட் வானகட், பனிக்கட்டியின் அணு அடுக்கை ஒத்த அடுக்குள்ள பொருள் எது என்று தேடி, சில்வர் அயோடைடில் வந்து நின்றார். மேகத்துமி அதைப் பனிக்கட்டி என்றே எண்ணி அதன்மேல் உறையத் தொடங்குகிறது. சோதனைக்குழாயில் விழுந்த ஒரு வீழ்படிவு, வானத்தில் இன்னொரு வீழ்படிவைத் தொடங்கிவைக்கிறது.

இதை வைத்து வறட்சியை ஒழித்துவிடலாம் என்று நம்பியவர்கள் உண்டு. மேகமே இல்லாத வானத்தில் எந்தக் கருவைத் தூவியும் பயனில்லை, பருக்கும் படியைத் தள்ளிவிட அதற்கு முந்தைய படிகள் நடந்திருக்க வேண்டும். மழைமறைவுப் பகுதியான சோலாப்பூரில் 2018, 2019 பருவமழைக் காலங்களில் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகம் கால்சியம் குளோரைடு உப்பைத் தூவி நடத்திய ஆய்வு, ஒரு சிறு பரப்பில் சராசரியாக 18 விழுக்காடு கூடுதல் மழையைக் காட்டியது. தகுந்த மேகத்தில் ஓரளவு பலன் உண்டு என்பதுதான் இதற்குப் பொருள். மேகம் வராத ஆண்டில் விவசாயிக்கு ஏரிதான் துணை.

திடத்துக்குள்ளேயே திடம் வீழ்படிவாவதும் உண்டு. 1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம், செம்பு கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் முக்கிக் குளிர்வித்தார். எதிர்பார்த்த கடினம் இல்லை. வார இறுதி கழிந்து வந்து அளந்தால், சும்மா கிடந்த உலோகம் கடினமாகியிருந்தது. உள்ளே தெவிட்டலைத் தாண்டி மாட்டிக்கொண்டிருந்த செம்பு, அறை வெப்பத்திலேயே மெதுவாக ஒதுங்கித் திரளத் தொடங்கியிருந்தது. அந்தத் திரள்கள் உலோக அடுக்குகளை நழுவவிடாமல் தடுக்கின்றன. ஆகாயவிமான உடம்புகளை வலுவாக்கியது இந்த மழைதான், எங்கும் விழாத மழை.

கடைசியாக ஒரு தாம்பாளம் மாவு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி இருந்தார். பனித்துகள்களைப் படமெடுத்துப் பெயர் வாங்கியவர். மழைத்துளியின் அளவை அறிய அவர் ஒரு தட்டில் சலித்த மாவைப் பரப்பி, சில நொடிகள் மழையில் நீட்டினார். ஒவ்வொரு துளியும் மாவில் ஒரு உருண்டை ஆகிறது. காயவைத்து அளக்கலாம். அளவு தெரிந்த துளிகளை மாவில் விட்டு, உருண்டையும் துளியும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று சரிபார்த்தும் கொண்டார். ஆண்டுக்கணக்கில் அளந்து 1904-ல் வெளியிட்டார். உருகிய பனியிலிருந்து வரும் மழையும் உண்டு, பனியாகாமலே வரும் மழையும் உண்டு என்று பெர்கரோனுக்கு முன்பே அந்த மாவு உருண்டைகளைக் கொண்டு அவர் எழுதினார்.

போன ஐப்பசியில் அக்கா மகளும் நானும் இதைச் செய்தோம். மைதாவைச் சலித்துத் தாம்பாளத்தில் இரண்டு விரற்கடை உயரம் பரப்பினாள். மொட்டைமாடிக் கதவைத் திறந்து, மூன்று எண்ணும்வரை மழையில் நீட்டி உள்ளே இழுத்துவிட்டாள். மாவில் சின்னச் சின்னக் குழிகள். ராத்திரி முழுக்கக் காயவைத்து, காலையில் சல்லடையில் போட்டு ஆட்டினால் மாவு இறங்கிவிட, மேலே உருண்டைகள் மட்டும் நின்றன. ஜவ்வரிசி மாதிரி. ஸ்கேல்மேல் வரிசையாக அடுக்கினோம். பெரும்பாலானவை ஒன்று, இரண்டு மில்லிமீட்டர். ஒன்றே ஒன்று நாலு மில்லிமீட்டர் இருந்தது.

“இதுக்குள்ள எத்தனை துமி மாமா?” என்றாள். ஒரு துமியின் குறுக்களவை மட்டும் சொன்னேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் வகுத்தாள், இருநூறு வந்தது. அதை மூன்று முறை பெருக்கினாள்.

“எண்பது லட்சம்.”

தீப்பெட்டி ஒன்றைக் காலிசெய்து, அந்த உருண்டையை மட்டும் பஞ்சில் வைத்து மூடி, மேலே தேதி எழுதினாள்.